திரும்பும் நேரத்தை முதலில் எழுதுவோம்
பனி ஏரிக்கு ஒரு நாள் நடைப்பயணம்: ஆறு பாடவேளைச் செயல்திட்டம்

ஒன்பதாம் வகுப்பு புவியியலில் பனியாறுகள் உருவாக்கும் நிலத்தோற்றங்கள் வருகின்றன. சர்க், மொரைன், 'யு' வடிவப் பள்ளத்தாக்கு என்று வரிசையாகப் பெயர்கள். நம் மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் காற்று எப்படி இருக்கும், அங்கே போக எத்தனை மணி நேரம் ஆகும், போனவர் பத்திரமாகத் திரும்பி வர என்ன வேண்டும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நான் பணிபுரியும் பள்ளியோ நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றில் உள்ளது. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிதான்.

எனவே பாடத்தை ஒரு பயணத் திட்டமாக மாற்றினேன். "உத்தராகண்டில் உள்ள ஹேம்குண்ட் ஏரிக்கு ஆறு பேர் கொண்ட குழு ஒன்று ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும். திட்டத்தை நீங்கள் தயாரியுங்கள்" என்பதுதான் செயல்திட்டம். பயணம் முழுவதும் தாளில்தான். கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் தலா ஒரு பாடவேளை தந்தார்கள். மொத்தம் ஆறு பாடவேளைகள். வேறு பள்ளிகளிலும் செய்து பார்க்கலாம் என்பதால் படிப்படியாக எழுதுகிறேன்.

ஏன் ஹேம்குண்ட்?

சாமோலி மாவட்டத்தில் அலக்நந்தா ஆற்றின் கரையில் கோவிந்த்காட் என்ற ஊர் இருக்கிறது. உயரம் சுமார் 1,800 மீட்டர். அங்கிருந்து லட்சுமண கங்கையின் ஓரமாக மேலே போனால் காங்கரியா, சுமார் 3,050 மீட்டர். காங்கரியாவிலிருந்து இன்னும் ஆறு கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் ஹேம்குண்ட். சீக்கியர்கள் பெரிதும் போற்றும் தலம். ஏரிக்கரையில் குருத்வாராவும் பக்கத்தில் லட்சுமணர் கோயிலும் உள்ளன. காலாண்டு விடுமுறை ஒன்றில் நான் இந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். கல் பாவிய வளைவு வளைவான வழி, கோவேறு கழுதைகளின் மணிச்சத்தம், கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள், மேலே போய்ச் சேர்ந்ததும் குருத்வாராவில் எல்லாருக்கும் கொடுக்கும் சூடான தேநீரும் கிச்சடியும்.

இந்த ஏரியைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, பாதை தெளிவானது. தகவல் கிடைக்கும். மாணவர்கள் ஹைடெக் ஆய்வகத்தில் அமர்ந்து தாங்களே தேடலாம். இரண்டு, ஹேம்குண்டில் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. ஏறியவர் அன்றே இறங்கியாக வேண்டும். ஆகவே நேரக் கணக்கைத் தட்டிக்கழிக்கவே முடியாது.

முதல் பாடவேளை: ஏரி எப்படி வந்தது?

'ஏரி' என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கரை, மதகு, கலங்கல். நமக்குத் தெரிந்த ஏரிகளில் பெரும்பாலானவை மனிதர் கரை போட்டு நீரைத் தேக்கியவை. உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும்கூட அப்படித்தான். "கரை போட ஆளே இல்லாத இடத்தில் ஏரி எப்படி உருவாகும்?" என்ற கேள்வியோடு தொடங்கினேன்.

ஒரு தட்டில் ஈரமணலைக் குவித்து மலைச்சரிவு செய்தோம். சிறு கற்களைப் போட்டு உறைய வைத்த பனிக்கட்டியை அந்தச் சரிவில் அழுத்தி இழுத்தார்கள். கட்டியின் அடியில் இருந்த கற்கள் மணலைச் சுரண்டின. சுரண்டிய மணல் முன்பக்கம் வரப்பு போலக் குவிந்தது. கட்டி உருகியபோது குழியில் கொஞ்சம் நீர் நின்றது. கிண்ணம் போன்ற குழிதான் சர்க், வரப்புதான் மொரைன், நின்ற நீர்தான் பனி ஏரி. சிகரங்கள் சூழ்ந்த ஹேம்குண்டின் படத்தை அதன்பிறகு திரையில் காட்டினேன். குழியையும் வரப்பையும் மாணவர்கள் தாங்களே அடையாளம் காட்டினார்கள்.

இரண்டாம் பாடவேளை: காற்று எங்கே போயிற்று?

"மேலே ஆக்சிஜன் குறைவு" என்று எல்லாரும் சொல்கிறோம். மாணவர்கள் இதை, காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறைகிறது என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் கடற்கரையிலும் ஹேம்குண்டிலும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். நம் ஊரில் உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்தால் கோவிந்த்காட்டில் சுமார் 80, காங்கரியாவில் சுமார் 70, ஏரிக்கரையில் சுமார் 60. அதாவது அங்கே ஒரு முழு மூச்சு இழுத்தால், இங்கே இழுக்கும் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும்.

இதைக் காட்ட அறிவியல் ஆசிரியர் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே லேசாக ஊதிக் கட்டிய குட்டி பலூன். முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை வெளியே இழுத்தால் பலூன் உப்புகிறது, விட்டால் சுருங்குகிறது. "மலைக்குக் கொண்டுபோகிற சிப்ஸ் பாக்கெட் ஏன் உப்புகிறது?" என்ற கேள்விக்குப் பின்வரிசையிலிருந்தும் பதில் வந்தது.

அழுத்தத்தோடு வெப்பமும் குறைகிறது. 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ். காங்கரியாவில் 15 டிகிரி என்றால் ஏரியில் எவ்வளவு? 1,280 மீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சுமார் 8 டிகிரி குறையும். விடை 7 டிகிரி. காற்று வீசினால் உடலுக்கு இன்னும் குளிராகத் தெரியும். நீரின் கொதிநிலையும் அங்கே சுமார் 86 டிகிரிதான். "அப்போ சோறு வேகுமா டீச்சர்?" என்று கேட்ட மாணவியையே பிரஷர் குக்கர் செயல்படும் விதம் பற்றி அடுத்த நாள் பேச வைத்தோம்.

மூன்றாம் பாடவேளை: எந்த மாதம், எந்த வரிசை?

ஏரிக்குப் பாதை திறந்திருப்பது ஏறத்தாழ மே இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. ஜூனில் பாதையின் குறுக்கே பனி கிடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலர்கள் அதிகம், ஆனால் பருவமழையும் நிலச்சரிவும் அதிகம். செப்டம்பர் கடைசியில் மழை ஓயத் தொடங்கும். பகல் சற்றுக் குறையும். சூரியன் ஆறு மணியை ஒட்டி உதித்து ஆறு மணியை ஒட்டியே மறையும். நான்கு குழுக்களும் விவாதித்துச் செப்டம்பர் கடைசி வாரத்தை எடுத்தன. காலாண்டு விடுமுறை அப்போதுதான் என்பதும் ஒரு காரணம்.

அடுத்தது நாள் வரிசை. இங்கேதான் மருத்துவ அறிவு உள்ளே வருகிறது. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போகும்போது சிலருக்கு உயர மலை நோய் வரும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். உடல்வலிமை உள்ளவருக்கு இது வராது என்பது தவறான நம்பிக்கை. விளையாட்டு வீரருக்கும் வரலாம். உடல் பழக அவகாசம் தருவதுதான் முதல் தடுப்பு. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவ வல்லுநர்கள் சொல்லும் பொதுவிதி.

இந்த விதியைத் தந்துவிட்டு வரிசையை அவர்களிடமே விட்டேன். வந்த திட்டம் இது:

முதல் நாள்: ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் (சுமார் 1,890 மீட்டர்). வழியில் தேவபிரயாகை முதல் நந்தபிரயாகை வரை நான்கு சங்கமங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும்.
இரண்டாம் நாள்: கோவிந்த்காட் வழியாகப் புல்னா வரை வண்டி, பிறகு காங்கரியாவுக்கு நடை.
மூன்றாம் நாள்: பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போய் (சுமார் 3,500 மீட்டர்) காங்கரியாவுக்கே திரும்புதல்.
நான்காம் நாள்: ஹேம்குண்ட் ஏறி இறங்குதல்.
ஐந்தாம் நாள்: கீழே இறங்குதல்.

மூன்றாம் நாளைக் கவனியுங்கள். செப்டம்பர் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்கில் பூக்கள் குறைந்துவிடும். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்க்கப்பட்ட இடம் என்பதற்காகவும் மாணவர்கள் அதைச் சேர்க்கவில்லை. உயரே போய் நடந்துவிட்டு, தாழ்வான இடத்துக்கு வந்து தூங்கினால் உடல் பழகும் என்பதற்காகவே சேர்த்தார்கள்.

நான்காம் பாடவேளை: நேரக் கணக்கு

1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய விதி சொன்னார். மெட்ரிக் அளவில் அது இப்படி: சமதளத் தூரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம்.

காங்கரியாவிலிருந்து ஏரிக்கு:
தூரம் 6 கி.மீ. ÷ 5 = 1.2 மணி, அதாவது 1 மணி 12 நிமிடம்.
ஏற்றம் 1,280 மீ. ÷ 600 = சுமார் 2 மணி 8 நிமிடம்.
கூட்டுத்தொகை 3 மணி 20 நிமிடம்.

இந்த விதி நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு, நிற்காமல் நடப்பதற்கு. ஓய்வுக்கும் காற்றழுத்தக் குறைவுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்காக்கினோம். விடை 5 மணி நேரம்.

1,280 மீட்டர் ஏற்றம் என்பது எவ்வளவு? தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, ஏறத்தாழ 66 மீட்டர். பத்தொன்பது விமானங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். இந்த ஒப்பீட்டைச் சொன்னவர் ஒரு மாணவர். அதன்பிறகு யாரும் "ஆறு கிலோமீட்டர்தானே" என்று சொல்லவில்லை.

இங்கே ஒரு நல்ல சிக்கல் எழுந்தது. ஏரியின் உயரம் 4,329 மீட்டர் என்று இரண்டு குழுக்கள் எழுதியிருந்தன. ஒரு குழு 4,632 மீட்டர் என்று எழுதியிருந்தது. இரண்டு எண்களுமே புழக்கத்தில் உள்ளவை. "எது சரி டீச்சர்?" என்று கேட்டார்கள். "எது தவறாக இருந்தாலும் குழுவுக்கு ஆபத்து வராத திட்டம் எது?" என்று திருப்பிக் கேட்டேன். பெரிய எண்ணை வைத்து மறுபடி கணக்கிட்டார்கள். ஏற்றம் 1,583 மீட்டர், நேரம் 3 மணி 50 நிமிடம், ஒன்றரை மடங்கு 5 மணி 45 நிமிடம். தகவல் உறுதியாக இல்லாதபோது கடினமான பக்கத்தை எடுத்துத் திட்டமிடுவது என்ற பாடம் எந்தப் பாடநூலிலும் தனியாக இல்லை. கணக்கிலிருந்து அது தானாக வந்தது.

அடுத்து, திட்டத்தாளின் முதல் வரியில் எதை எழுதுவது? எல்லாக் குழுக்களும் புறப்படும் நேரத்தை எழுதின. அதை அழித்துவிட்டு, திரும்பும் நேரத்தை முதலில் எழுதச் சொன்னேன். பின்னாலிருந்து கணக்கிட்டோம். மலையில் பிற்பகலில் மேகம் கூடும். ஆகவே மாலை 4 மணிக்குள் காங்கரியாவில் இருக்க வேண்டும். இறங்க 3 மணி நேரம். ஏரியை விட்டு 1 மணிக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் இருக்கலாம் என்றால் 12 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எனவே தாளின் முதல் வரி: "பகல் 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்."

காலை 6 மணிக்குப் புறப்பட்டால் கடினக் கணக்குப்படி 11.45 ஆகிவிடும். கையில் மிச்சம் 15 நிமிடம்தான். 5.30 என்றால் 45 நிமிடம் மிஞ்சும். 5.30 முடிவாயிற்று. அப்போது முழு வெளிச்சம் இருக்காது என்பதால் ஆளுக்கொரு டார்ச் பட்டியலில் ஏறியது. பாதி ஏற்றத்தை எப்போது கடக்க வேண்டும்? 5.30 முதல் 12 வரை ஆறரை மணி நேரம். அதில் பாதி மூன்றேகால். ஆகவே 8.45-க்குள் பாதி ஏறியிருக்காவிட்டால் 12 மணிக்குள் ஏரியை அடைய முடியாது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இது வெறும் கணக்கு அல்ல என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில் இதே உத்தராகண்டின் உத்தரகாசி பகுதியில், சஹஸ்த்ர தால் என்ற உயர்மலை ஏரிக்குச் சென்ற கர்நாடகக் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை நான் வகுப்பில் எடுக்கவில்லை. 4,000 மீட்டருக்கு மேல் வானிலை எவ்வளவு விரைவாக மாறும், மிச்சமிருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ன மதிப்பு என்று உணர்த்தவே எடுத்தேன்.

ஐந்தாம் பாடவேளை: பையில் என்ன?

ஒருவருடைய பை ஆறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தேன். இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ. மீதி நான்கில் மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, தொப்பி, கையுறை, மாற்றுக் காலுறை, டார்ச், விசில், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், முதலுதவிப் பொருள்கள், கடலை மிட்டாய், பேரீச்சை, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. மாநில அரசின் இணையதளத்தில் செய்த பயணப் பதிவின் நகலும் வேண்டும்.

பருத்திச் சட்டையா, கம்பளியா என்ற விவாதத்துக்கு ஒரு சோதனை செய்தோம். இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரப் பருத்தித்துணி, மற்றொன்றில் உலர்ந்த துணி. இரண்டையும் மின்விசிறிக்கு எதிரே வைத்தோம். ஈரத்துணி சுற்றியதில் அளவு சட்டென்று இறங்கியது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை நம் ஊரில் சுகம், 7 டிகிரியில் ஆபத்து என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

ஆறாம் பாடவேளை: ஏறுவதா, இறங்குவதா?

கடைசிப் பாடவேளைக்கு ஒரே ஓர் அட்டை தயாரித்தேன். அதில் எழுதியிருந்தது: "மணி 9.40. பாதிக்கு மேல் ஏறிவிட்டீர்கள். வானம் தெளிவாக இருக்கிறது. குழுவில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல். 'நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்' என்கிறார். என்ன செய்வீர்கள்?"

இரண்டு குழுக்கள், அவரை உட்கார வைத்துவிட்டு மேலே போய்வரலாம் என்றன. ஒரு குழு, இருவர் துணையோடு அவரைக் கீழே அனுப்பலாம் என்றது. ஒரு குழு, எல்லாரும் இறங்கலாம் என்றது. ஒரு மாணவர் எழுந்து, "இவ்ளோ காசு செலவு பண்ணி, ரயில்ல ரெண்டு நாள் போயி, ஏரியைப் பாக்காம எப்படி டீச்சர் வர்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவர்களையும் மலையில் தவறான முடிவுக்குத் தள்ளுவது இதே எண்ணம்தான். நான் பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னது ஒரு மாணவி. அவருடைய தந்தை ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். "எங்க அப்பா கடலுக்குப் போயி, காத்து மாறுதுன்னு தெரிஞ்சா வலையை இழுத்துக்கிட்டு வந்துருவாங்க. டீசல் காசு போச்சேன்னு பாக்க மாட்டாங்க. அன்னைக்கு வெறுங்கையோட வந்தாலும் வீட்டுல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா, சித்தப்பா, அண்ணன் யாராவது கடலில் இருப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. செலவான பணம் திரும்பி வராது, அதைக் காரணம் காட்டி இன்னோர் ஆபத்தை வாங்கக் கூடாது என்பதை அவர்கள் வீட்டிலேயே கற்றிருக்கிறார்கள். மலைக்கு அதைப் பொருத்திப் பார்க்க ஒரு வாய்ப்புதான் தேவைப்பட்டது.

பிறகு நான்கு விதிகளைக் கரும்பலகையில் எழுதினோம்.

1. உயர மலையில் தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயர மலை நோய்தான். அவர் அதற்கு மேல் ஏறக் கூடாது.
2. ஓய்வெடுத்தும் சரியாகாவிட்டால், அல்லது கூடினால், இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உயிருக்கு ஆபத்து. அந்த நிமிடமே இறக்கி மருத்துவ உதவி தேட வேண்டும்.
3. நோயுற்றவரை ஒருபோதும் தனியே விடக் கூடாது.
4. "எனக்கு முடியவில்லை" என்று சொல்பவரைக் கேலி செய்யக் கூடாது. கேலிக்குப் பயந்து ஒருவர் வலியை மறைத்தால் முதல் மூன்று விதிகளும் பயனற்றுப் போகும்.

நான்காம் விதியை நான் சொல்லவில்லை. வகுப்பில் அதிகம் பேசாத மாணவர் ஒருவர் சேர்க்கச் சொன்னது. மலைக்கு மட்டும் உரியது அல்ல என்பதால் அதை வகுப்புச் சுவரிலும் ஒட்டிவிட்டோம்.

உங்கள் வகுப்புக்கு ஏற்ப

மதிப்பீட்டுக்கு நான் பார்த்தவை மூன்று. திட்டத்தின் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா? ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதப்பட்டுள்ளதா? எந்தச் சூழலில் திரும்புவோம் என்பது தெளிவாக உள்ளதா? அழகான அட்டைக்கும் வண்ணப் படத்துக்கும் மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டேன்.

தொடக்க வகுப்புகளில் ஹேம்குண்ட் தேவையில்லை. பள்ளியிலிருந்து ஊர்க் குளத்துக்குப் போய்வரும் திட்டம் போதும். எத்தனை அடி வைக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும், தண்ணீர் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே கணக்கிடுவார்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு அந்த நடையை நிஜமாகவே நடத்தலாம். நீலகிரி, தேனி, சேலம், கோவை போன்ற மலை மாவட்ட ஆசிரியர்கள் தங்கள் மலையையே எடுத்துக்கொண்டு வனத்துறை விதிகளையும் காட்டுத்தீக் காலத்தையும் திட்டத்தில் சேர்க்கலாம். மேல்நிலை வகுப்புகளில் பனி ஏரி உடைப்பைத் தனித் தலைப்பாக ஆராயச் சொல்லலாம். 2013-இல் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரியும், 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரியும் உடைத்துக்கொண்டு பெருவெள்ளம் வந்ததற்கான செய்திகளும் செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கின்றன.

எந்த இடத்தை எடுத்தாலும், திட்டத்தாளின் முதல் வரியில் திரும்பும் நேரத்தை எழுத வையுங்கள். நம் மாணவர்களில் சிலர் என்றாவது ஒரு நாள் நண்பர்களோடு ஏதோ ஒரு மலையில் நிற்பார்கள். அப்போது நாம் உடன் இருக்க மாட்டோம். "மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, திரும்பலாம்" என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் நம் வகுப்பிலிருந்து போனவராக இருக்கட்டும்.